பிரேக்கு அண்ணனோட வலது கால்

அவருக்கு "பிரேக்கு"ன்னு பேரு வெச்சது டிப்போதான். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டுன மனுஷன், ஒருத்தர் மேலயும் உரசாத வண்டி, அப்பெல்லாம் அவருக்கு இந்தப் பேரு கெடையாது. தானா ஓடுற பஸ்ஸு வந்து ரெண்டே மாசத்துல பேரு ஒட்டிக்கிச்சு.

நான் அவங்க வீட்டு மாடியில ஒத்த ரூம்ல வாடகைக்கு இருக்கேன். கீழ அண்ணன், அக்கா, ஆறாவது படிக்கிற பாப்பா. மாடிப்படி அவங்க சமையக்கட்டு ஜன்னல ஒட்டித்தான் ஏறும். அந்த வீட்டுல வெங்காயம் வதங்குனாலும் எனக்குத் தெரியும், சண்ட வந்தாலும் தெரியும். அக்கா ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பாங்க. கால் மிதிக்கிற பழைய மிஷினு. காலையில பாப்பாவ அனுப்பிட்டு உக்காந்தா மத்தியானம் வரைக்கும் தடதடதடன்னு என் ரூம் தரையே அதிரும். எனக்கு அது பழகிப்போச்சு, அது நின்னாத்தான் என்ன ஆச்சுன்னு எட்டிப் பாப்பேன்.

அந்தப் புது பஸ்ஸப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா ஒண்ணும் புரியாது. அதுல ஸ்டியரிங் இருக்கு, பிரேக் இருக்கு, டிரைவர் சீட் இருக்கு. டிரைவரும் உக்காந்திருக்கணும். ஆனா ஓட்டக் கூடாது. அதுவே ஓட்டும். ஆபத்துன்னா மட்டும் டிரைவர் பிரேக்க மிதிக்கலாம். மிதிச்சாருன்னா பஸ் முழுக்க கேக்குற மாதிரி ஒரு பொம்பளக் குரல் வரும்: "ஓட்டுநர் குறுக்கிட்டார்." திட்டக்கூட திட்டாது, அவ்ளோ மரியாதையா சொல்லும். அதான் ரொம்ப வலிக்கும்னு அண்ணன் சொல்லுவாரு.

நான் வேற இந்த மாதிரி வண்டின்னா பைத்தியம். ராத்திரி பகல் பாக்காம வீடியோ பாக்கற ஆளு. "அண்ணே, அதுக்குச் சுத்தி பதினோரு கண்ணு இருக்குண்ணே, உங்களுக்கு ரெண்டுதான்"னு படிக்கட்டுல நின்னு அவருக்கு கிளாஸே எடுத்திருக்கேன்.

"பதினோரு கண்ணு இருக்கட்டும் தம்பி. பயம் எத்தன இருக்கு?"ன்னு கேட்டாரு.

நான் சிரிச்சு மழுப்பிட்டேன்.

பிரச்சன என்னன்னா, மார்க்கு. ஒவ்வொரு திங்கக்கெழமையும் டிப்போவுல ஒரு பேப்பர் ஒட்டுவாங்க, நம்பிக்கை மார்க்குன்னு. நூத்துக்கு எவ்ளோன்னு. தேவையில்லாம பிரேக் அடிச்சா மார்க்கு கொறையும். தேவையா தேவையில்லையான்னு யாரு சொல்றது? பஸ்ஸுதான் சொல்லும். "நானே நின்னிருப்பேன், இவரு அவசரப்பட்டுட்டாரு"ன்னு அது கணக்கு போட்டுச்சுன்னா முடிஞ்சுது. எழுபதுக்குக் கீழ மூணு வாரம் தொடர்ந்து போனா சீட்ட விட்டு எறக்கி வண்டி கழுவுற ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்க.

மார்க்கு போட ஆரம்பிச்ச மொத வாரமே அண்ணன் அம்பத்தெட்டு வாங்கியிருந்தாரு. ஒரு நாளைக்கு முப்பது தடவ குரல் வரும். பஸ்ஸுல வர்றவங்க சும்மா இருப்பாங்களா?

"ஏண்ணே, அதுக்கு இருக்குற தைரியம் உங்களுக்கு இல்லையே!"

"அண்ணனக் கொஞ்சம் பின்னாடி சீட்டுல உக்கார வைங்கப்பா, பஸ்ஸு நிம்மதியா ஓட்டட்டும்."

காய்கறிக் கூடையோட டெய்லி ஏறுற ஒரு அம்மா மட்டும், "விடுங்கப்பா, மனுஷன் காலு, பழக்கத்துல போகுது"ன்னு சொல்லுமாம். அதுகூட அண்ணனுக்கு அவமானமாத்தான் இருந்துச்சு.

அக்காவோட தம்பி அதே டிப்போலதான் வேல. லேப்டாப்ப பஸ்ஸுல சொருகி ஏதோ பாப்பாரு. டிப்போல அவருக்கு "லேப்டாப்பு"ன்னே பேரு. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் மழ பிடிச்சு ஊத்துது, நான் படியில நனஞ்சுக்கிட்டே ஏறுனா அக்கா கூப்ட்டு உள்ள உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. லேப்டாப்பு அங்க இருந்தாரு.

"மாமா, நாளைக்கு ஒட்டுறதுலயும் எழுபதுக்குக் கீழதான். இன்னும் ஒரு வாரம் இப்டியே போச்சுன்னா ஷெட்டுதான். நான் சொல்லிட்டேன்."

"நான் என்ன மாப்ள வேணும்னா அடிக்கிறேன்? கண்ணு பாக்குது, காலு போயிடுது. நடுவுல நான் எங்க இருக்கேன்?"

"கால மடிச்சு உக்காருங்க."

"கால் பெடலுக்கு மேல இருக்கணும்னு ரூலு. கேமரா பாக்குது."

"அப்ப வெச்சுக்கிட்டு மிதிக்காம இருங்க."

"கல்யாணம் பண்ணிட்டு பேசாம இருன்னு சொல்ற மாதிரி இருக்குடா நீ சொல்றது."

பாப்பா சிரிச்சுட்டா. அக்கா சிரிக்கல. அவங்க ஒரு குட்டிச் சட்டைக்குக் காலர் வெச்சுக்கிட்டு இருந்தாங்க. காலு மிதிச்சுக்கிட்டே இருக்கு, கண்ணு மட்டும் அண்ணனோட கால்லயே இருக்கு. திடீர்னு மிஷின நிறுத்துனாங்க.

"கைக்குப் பழக்குறோம், கண்ணுக்குப் பழக்குறோம். காலுக்குப் பழக்க முடியாதா?"

எந்திரிச்சுப் போயி அடுப்புல இருந்த கொழம்புச் சட்டியோட மூடிய எடுத்துக் கழுவித் தொடச்சுக் கொண்டாந்தாங்க. எவர்சில்வர் மூடி, நடுவுல மேடா இருக்கும், அமுக்குனா டொங்குன்னு உள்ள போயிட்டு மறுபடி வெளிய வரும். பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டு அண்ணன உக்கார வெச்சாங்க. வலது கால் குதிகால் தரையில, முன்னங்கால் மூடி மேல.

"இதான் பிரேக்கு. சத்தம் வரக் கூடாது."

பாப்பாவ வாசப் பக்கம் நிக்க வெச்சு, "ஓடு, அப்பா முன்னாடி குறுக்க ஓடு"ன்னாங்க.

பாப்பா ஓடுனா. டொங்.

"ஓட்டுநர் குறுக்கிட்டார்"ன்னு பாப்பா அந்தக் குரல் மாதிரியே சொன்னா பாருங்க, எங்களுக்குச் சிரிச்சு வயிறு வலி வந்துருச்சு. அண்ணனும் சிரிச்சாரு. நூல்கண்ட உருட்டி விட்டாங்க, டொங். செருப்பு பறந்துச்சு, டொங். நான் என் சைக்கிள வீட்டுக்குள்ள தள்ளிக்கிட்டு வந்தேன், டொங் டொங். அன்னிக்கு மட்டும் நாப்பத்தியொண்ணு. பாப்பா ரஃப் நோட்டுல கோடு கோடா போட்டு வெச்சிருந்தா.

அது தெனமும் நடந்துச்சு. சாயங்காலம் அண்ணன் வேல முடிஞ்சு வந்து மூஞ்சி கழுவிட்டு உக்காந்தா ஒரு மணி நேரம். அந்த வாரமே அவரு மார்க்கு எழுபத்தி நாலு. அக்கா புதுசு புதுசா யோசிப்பாங்க. பின்னாடி தட்டப் போடறது, லைட்ட அணைக்கிறது, பலூன ஒடைக்கிறது. "உங்க கால நான் பாத்துக்கிட்டே இருக்கேன்"னு மெரட்டுவாங்க. நாப்பத்தியொண்ணு இருபது ஆச்சு, ஒம்பது ஆச்சு, ரெண்டு ஆச்சு. சத்தியமா சொல்றேன், அந்தக் குடும்பம் அவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. மூணு பேரும் சேந்து ஒரு வெளையாட்டு வெளையாடுற மாதிரி.

மூணாவது வாரம் ஒரு நாள் அக்கா தரைய தொடச்சுட்டு ஈரம் காயறதுக்குள்ள பாப்பா ஓடிட்டா. வழுக்கி, அண்ணன் காலுக்கு முன்னாடி முகங்குப்புற விழுந்தா. தாடை தரையில அடிச்ச சத்தம் படியில நின்ன எனக்கே கேட்டுச்சு.

மூடி சத்தம் வரல.

அண்ணன் அப்படியே உக்காந்திருந்தாரு. ஒரு செகண்டு இல்ல, ரெண்டு மூணு செகண்டு. மொகத்துல லேசா சிரிப்பு. "சத்தம் வந்துச்சா? வரலைல்ல?"ன்னு அக்காவக் கேட்டாரு. அப்புறந்தான் தரையில ரத்தத்தப் பாத்தாரு.

"நீ நடிக்கிறன்னு நெனச்சேன்டா கண்ணு... நடிக்கிறன்னு நெனச்சேன்..."

தாடையில மூணு தையல். போட்டுட்டு வந்தப்புறம் பாப்பாவே சமாதானம் சொன்னா, "அப்பா பாஸாயிட்டாரும்மா." அக்கா மூடியக் கழுவி மறுபடி சட்டி மேல வெச்சாங்க. அதோட அந்தப் பழக்கம் நின்னுச்சு. அதுக்கப்புறம் தேவையும் இல்ல.

எழுபத்தி நாலு எம்பத்தெட்டாச்சு. அப்புறம் தொண்ணூத்தேழு. டிப்போல மொத பேரு இவரு. போட்டோவ வேற ஒட்டுனாங்க. மேனேஜரு எல்லாரும் பாக்கக் கை குடுத்து, "மத்தவங்க இவரப் பாத்துக் கத்துக்கணும்"னாராம். அண்ணன் வரும்போதே வழியில கேக்கு வாங்கிட்டு வந்தாரு, எனக்கும் ஒரு துண்டு மேல வந்துச்சு.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது, அவரு நெஜமாவே மாறிட்டாரு. பஸ்ஸ "அவன்"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. "அவன் பாத்துப்பான்." "அவனுக்குத் தெரியும்." ஒரு நாள் படியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு:

"தம்பி, இத்தன வருஷம் அதே ரோட்டுல போயிருக்கேன். ஒரு வளைவுல மஞ்சப் பூ மரம் ஒண்ணு இருக்கு. அவ்ளோ பெரிய மரம். நான் பாத்ததே இல்ல. இப்பதான் பாக்குறேன்."

"நான் சொன்னேன்ல அண்ணே."

"சொன்ன. தோள்பட்ட வலி கூட போயிடுச்சுடா. ஒருத்தன நம்புனா ஒடம்பு இவ்ளோ லேசாகும்னு தெரியாம போச்சு."

எனக்கு அப்ப என்னமோ நானே அந்த பஸ்ஸச் செஞ்ச மாதிரி பெரும.

புதன்கெழம, காலையில பதினோரு மணி இருக்கும். மழ வுட்டு வெயில் அடிச்சிருந்துச்சு, ரோடு பளபளன்னு கெடந்துச்சு. இது அண்ணன் அப்புறமா எங்கிட்ட சொன்னது. அவரு சொன்ன மாதிரியே சொல்றேன், ஒரு வார்த்த கூட்டல.

"கண்ணாடிக் கடை ஆளு ஒருத்தன். பீரோவுக்கு வெக்கிற ஆளுசரக் கண்ணாடிய ரெண்டு கையால நெஞ்சோட அணச்சுக்கிட்டு ரோட்டுக்குக் குறுக்க வர்றான். கண்ணாடி எங்க பக்கம் பாத்து இருக்கு. அவன் மொகம் தெரியல, ஒடம்பு தெரியல. கண்ணாடியில ரோடுதான் தெரியுது. காலியான ரோடு. அதுல எங்க பஸ்ஸே எதுத்தாப்புல வருது தம்பி. உள்ள சீட்டுல நான் உக்காந்திருக்கேன். என்னையே நான் பாக்குறேன். கீழ மட்டும் ரெண்டு காலு. ரப்பர் செருப்பு போட்ட காலு. பஸ்ஸுக்கு ரோடு காலியாத் தெரியுது போல, அவன் வேகத்தக் கொறைக்கல. எனக்குக் காலு தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவன் பாத்துப்பான்னு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில மூணாம் நாளு அந்த ஆளு போய்ச் சேந்துட்டாரு. அவருக்கும் வீட்டுல ஆளுங்க இருந்திருப்பாங்க. அண்ணன் அவங்க யாரையும் பாக்கப் போகல. ரெண்டு தடவ கெளம்பி, தெருமொன வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு.

போலீஸ் கேஸு தனியா, கம்பெனி விசாரண தனியா. பஸ்ஸு எல்லாத்தையும் ஓரமா நிறுத்திட்டாங்க. வண்டி தப்பா, டிரைவர் தப்பான்னு தெரிஞ்சாத்தான் மறுபடி ஓடும். விசாரணைக்கு மொத நாள் சாயங்காலம் லேப்டாப்பு ஓடி வந்தாரு. செருப்பக்கூட கழட்டல.

"மாமா, நாளைக்கு எது கேட்டாலும் தெரியலன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த பேசாதீங்க. வண்டி கண்ணாடியப் பாத்து ஏமாந்துருக்கு. அது ரெக்கார்டுல இருக்கு, என் கண்ணால பாத்தேன். நாம வாயத் தொறக்காம இருந்தா பழி வண்டி மேல போறதுக்கு வழி இருக்கு."

"நான் பாத்தேனே மாப்ள."

"பாத்தத யாரு கேட்டா?"

"செத்தவன் கேப்பான்ல."

லேப்டாப்பு அக்கா பக்கம் திரும்புனாரு. "அக்கா, நீயாவது சொல்லு. முக்கியமா அந்த மூடிக் கதய யாருகிட்டயும் சொல்லிடாத. உன் வாய் இருக்கே..."

"என் வாய்க்கு என்னடா? நான் பண்ணத மறைக்கணுமா? அவரு காலு கெட்டுப் போச்சுன்னு ஊரே பேசுது. அந்தக் காலு இருபத்தாறு வருஷம் எத்தன பேரக் காப்பாத்துச்சு? அதக் கட்டிப் போட்டது நான்தான். அந்த மார்க்குப் பேப்பர்தான். அதச் சொன்னா அவரு மேல தப்பில்லன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாது."

லேப்டாப்பு போனதும் அக்கா மாடிக்கு வந்தாங்க. அதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வந்ததே கெடையாது. வாசல்லயே நின்னு, "தம்பி, நான் சொல்லச் சொல்ல அழகா எழுதிக் குடுப்பியா? எனக்கு நேருல பேசுனா அழுக வந்துரும்"னாங்க. நான் டைப் பண்ணேன். ரெண்டு பக்கம். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. உண்மையச் சொல்றோம், இதுல என்ன இருக்குன்னு. இன்னும் கொஞ்சம் நல்ல நல்ல வார்த்த சேத்தேன் வேற.

மறுநாள் நானும் கூடப் போனேன். சின்ன ரூமு. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஆபீசரு, இந்தப் பக்கம் அண்ணன். செவுத்துல, சொன்னா நம்ப மாட்டீங்க, இன்னும் அந்த மார்க்குப் பேப்பர் தொங்குது. அண்ணன் போட்டோவோட. நானும் அக்காவும் வெளிய பெஞ்சுல. கதவு தொறந்துதான் இருந்துச்சு, ஃபேனு சத்தத்துக்கு நடுவுல எல்லாம் கேட்டுச்சு.

ஒரு வீடியோ போட்டுக் காட்டுனாங்க. பஸ்ஸுக்குள்ள அண்ணன் மொகத்தப் பாக்குற கேமரா.

"கண்ணு தொறந்துதான் இருக்கு. பாருங்க. ரெண்டு செகண்டுக்கு மேல அந்த ஆளையே பாக்குறீங்க. தூங்கியிருந்தாக்கூட ஒரு பேச்சு. முழிச்சுக்கிட்டு, பாத்துக்கிட்டு, ஏன் பிரேக் அடிக்கல?"

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"வண்டி நிக்கும்னு நெனச்சேன் சார்."

"அப்படி நெனைக்கச் சொல்லி யாரு சொன்னா?"

அண்ணன் தலையத் தூக்கி அந்தப் பேப்பரப் பாத்தாரு. ஆபீசரு திரும்பிக்கூடப் பாக்கல.

அக்கா எந்திரிச்சுட்டாங்க. நான் கையப் புடிக்கறதுக்குள்ள உள்ள போயிட்டாங்க.

"நான் சொல்றேன் சார்."

"நீ போ வெளிய"ன்னு அண்ணன் கத்துனாரு. அவரு சத்தம் போட்டு நான் கேட்டது அது ஒரே தடவதான்.

"இருக்கட்டும், பேசட்டும்"னு ஆபீசரு சேரக் காட்டுனாரு. அக்கா உக்காரல. பேப்பர மேஜையில வெச்சாங்க. அப்புறம் துணிப்பையில இருந்து அந்த மூடிய எடுத்துப் பக்கத்துல வெச்சாங்க. அத எடுத்துட்டு வந்திருந்தாங்கன்னு எனக்கே தெரியாது.

"இதுதான் சார். இத அவரு காலுக்குக் கீழ வெச்சு நான்தான் பழக்குனேன். மார்க்கு வரல, சீட்டு போயிடும்னு பயந்து நான்தான் பண்ணேன். அவருக்கு இதுல ஒரு தப்பும் இல்ல சார்."

ஆபீசரு மூடிய வெரலால அமுக்கிப் பாத்தாரு. டொங்.

"தெனமுமாம்மா?"

"தெனமும் சார். ஒரு மணி நேரம்."

"எத்தன நாள்?"

"மூணு வாரம் சார்."

"யாராவது குறுக்க வந்தாக்கூட மிதிக்கக் கூடாது, அதானே பழக்குனீங்க?"

"ஆமா சார்."

"அவரும் இஷ்டப்பட்டுத்தான் உக்காந்தாரு?"

"ஆமா சார், எங்களுக்காகத்தான் சார்."

எழுதிக்கிட்டே இருந்தாரு. நடுவுல ஒரு தடவ அக்காவுக்குத் தண்ணி குடுக்கச் சொன்னாரு. கடைசில, "ரொம்ப நன்றிம்மா. தெளிவா சொன்னீங்க"ன்னாரு. அக்கா வெளிய வரும்போது மொகத்துல அப்படி ஒரு தெளிவு. "நல்ல மனுஷன் தம்பி, பொறுமையா கேட்டாரு"ன்னாங்க. பின்னாடியே வந்த அண்ணன் எங்க ரெண்டு பேரையும் பாக்காம நேரா நடந்து போனாரு.

பத்து நாள்ல லெட்டர் வந்துச்சு. நான்தான் படிச்சுக் காட்டுனேன். 'பிரேக்கைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு வீட்டிலேயே திட்டமிட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்ட ஓட்டுநர்.' அதுக்குக் கீழ 'இணைப்பு'ன்னு போட்டு, மனைவி எழுதிக் கொடுத்த வாக்குமூலம், ரெண்டு பக்கம். சமையல் பாத்திர மூடி, ஒண்ணு. வண்டியில தப்பு எதுவும் கண்டுபிடிக்கப்படல. திங்கக்கெழமையில இருந்து பஸ்ஸெல்லாம் மறுபடி ஓடும். அண்ணனுக்கு வேலையும் இல்ல, லைசென்ஸும் இல்ல. அந்த லெட்டர்தான் கோர்ட்டுக்கும் போகுது.

அக்கா மறுபடி படிக்கச் சொன்னாங்க. படிச்சேன்.

"நாம எழுதுனதா தம்பி இது?"

"நாம எழுதுனதுதான்க்கா."

"நாம இப்டியா எழுதுனோம்?"

வார்த்த எல்லாம் நம்மளோடதுதான். நான் அழகுக்குச் சேத்த 'திட்டமிட்டு'ங்கற வார்த்தகூட அப்படியே இருந்துச்சு.

அண்ணன் லெட்டர வாங்கி மடிச்சு சட்டப் பையில வெச்சாரு. அக்காவ ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா அவங்க தாங்கியிருப்பாங்க.

மூடிய ஆபீஸ்ல திருப்பித் தரல. அக்கா இப்ப கொழம்புச் சட்டிய ஒரு சாப்பாட்டுத் தட்டப் போட்டு மூடுறாங்க. ரெண்டு நாளா மிஷின் சத்தம் கேக்கலன்னு நேத்து சாயங்காலம் எறங்கிப் போனேன். மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல் வழியாவே பாத்தேன், உள்ள போகல.

அண்ணன் அதே பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்காரு. வலது காலு வெறும் தரையில. அக்கா மிஷின் மேல கவுந்து படுத்திருக்காங்க, தூங்கல. பாப்பா வாசப் பக்கம் நிக்குறா. சட்டி மேல இருந்த அந்தத் தட்ட ரெண்டு கையாலயும் மொகத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சிருக்கா. மொகம் தெரியல. தாடையில தையல் போட்ட எடமும் தெரியல. கீழ ரெண்டு காலு மட்டும்.

"வா"ன்னாரு.

பாப்பா மெதுவா குறுக்க நடந்தா. அண்ணன் ஓங்கித் தரைய மிதிச்சாரு. என் ரூம் வரைக்கும் அதிர்ந்திருக்கும்.

"நின்னுச்சா?"

தட்டுக்குப் பின்னாடி இருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"நின்னுச்சுப்பா."

"இன்னொரு தடவ வா."

அவ திரும்பப் போயி வாசல்ல நின்னா. தட்டத் தூக்குனா.